ஞாயிற்றுக்கிழமைக் கடை – கடிதம்

அன்புள்ள ஐயா,

கணவரின் வேலைக்காக ஸ்டுட்கார்ட் வந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை, சின்னச் சின்ன விஷயங்கள்தான் அலுப்பாக இருக்கின்றன. வாசல் அழைப்பு மணியில் வீட்டு எண் கிடையாது, குடும்பப் பெயர்தான். 25 சென்ட் டெபாசிட்டைத் திரும்ப வாங்கக் காலி பாட்டிலைச் சுமந்துபோய் மெஷினில் போட வேண்டும். எங்கள் முறை வந்தால் கதவில் 'கேர்வோக்கே', அதாவது கூட்டும் வாரம், என்று அட்டை தொங்கும், பொது மாடிப்படியை நான் கூட்டித் துடைக்க வேண்டும். ஞாயிறன்று கடையே கிடையாது. பால் தீர்ந்தால் ரயில் நிலையத்துக் கடைக்குத்தான் ஓட வேண்டும். என் மகன் இங்கேயே வளர்ந்தால் நம் ஊரோடு ஒட்டுவானா?

ம.

அன்புள்ள ம.,

கொஞ்ச நாளாக ஞாயிறு விடுமுறையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

மணியும் பாட்டிலும் பழகிவிடும், விடுங்கள். மாடிப்படி விஷயத்தில்தான் கோபம் வந்தது. ஊரில் உங்கள் மாடிப்படியை யார் கூட்டினார்கள்? அந்த அம்மாவின் பெயராவது தெரியுமா? எல்லோரும் முறைவைத்துக் கூட்டுகிற இடத்தில் உங்களுக்கு மட்டும் என்ன?

சரி, ஞாயிறு. என் அக்கா எங்கள் ஊர் ஜவுளிக்கடை ஒன்றில் புடவைப் பிரிவில் வேலை பார்த்தாள். காலையில் போனால் இரவு பத்துக்கு மேல்தான் வருவாள். உட்காரக் கூடாது. சுவரில் சாய்ந்தாலே சூப்பர்வைசர் வந்துவிடுவார். வீட்டுக்கு வந்ததும் அம்மா வெந்நீரில் கல்லுப்புப் போட்டு வைப்பாள். வீங்கிய பாதத்தில் செருப்பு வார் பதிந்த இடம் குழியாக இருக்கும். வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. அன்று அப்பா வேலைக்கும் நாங்கள் பள்ளிக்கும் போயிருப்போம். ஞாயிறு கறிக்குழம்பில் அவள் பங்கைத் தூக்கில் எடுத்து வைப்போம், இரவு சூடுபண்ணித் தனியாகச் சாப்பிடுவாள். சொந்தக்காரர் கல்யாணம், காதுகுத்து எல்லாம் ஞாயிறு பார்த்துத்தான் வைப்பார்கள். எங்கள் வீட்டு ஆல்பங்கள் எதிலும் அவள் இல்லை.

சுழற்சி முறையில் ஒரு நாள் கொடுத்தாகிவிட்டதே என்பார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் வருடம் முழுக்க 24 மணி நேரமும் திறக்கலாம் என்று 2019-இல் தமிழக அரசு அனுமதித்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள். உடம்புக்கு அந்த ஒரு நாள் போதலாம். ஆனால் வீடு மொத்தமும் கூடியிருக்கும் நாளில் அவளும் இருக்க வேண்டாமா?

ஜெர்மனியில் அந்தப் பொதுவான நாளை 1919-இலேயே அரசமைப்புச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். 1949-இல் புதிய சட்டம் எழுதியபோதும் அதை விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறும் கடை திறக்கலாம் என்று பெர்லின் சட்டம் போட்டது. தேவாலயங்கள் வழக்குப் போட்டன. 2009 டிசம்பர் 1 அன்று அரசமைப்பு நீதிமன்றம் அது கூடாது என்றது. கடைக்காரரின் வியாபாரமும் வாங்குகிறவரின் ஆசையும் மட்டும் அதற்குப் போதுமான காரணங்கள் இல்லை என்று தெளிவாகவே சொன்னது. அதைப் படித்த அன்று அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். உங்களுக்குப் பால் கிடைக்காத ஞாயிறன்று ஸ்டுட்கார்ட்டில் அவளைப் போன்ற எத்தனையோ பெண்கள் வீட்டில் இருக்கிறார்கள், அம்மா. சனிக்கிழமையே ஒரு பாக்கெட் கூடுதலாக வாங்கி வைக்க முடியாதா?

மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது துணி எடுக்க அவனையும் கூட்டிப் போங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்திருக்கிறது. புடவையை விரித்துக் காட்டும் பெண்ணுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலாவது இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மேனேஜரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பையன் பக்கத்தில் நிற்கும்போதே கேளுங்கள்.