மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி: வேலைப்பாடு பற்றிக் கேளுங்கள்

காரைக்குடியில் பழைய மரச்சாமான் சீர்செய்வது என் தொழில். குழல் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளின் வேலைப்பாட்டைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள், சுடுவதைப் பற்றி மட்டும் வேண்டாம்.

கேள்வி (கானாடுகாத்தான்): அமெரிக்கப் பழைய ரைஃபிள்களில் குழல் எட்டுப் பட்டையாக இருக்கிறதே, அழகுக்காகவா அண்ணே?

பதில்: அழகும்தான். ஆனால் அடித்து ஒட்டிய இரும்பை உருண்டையாக்குவதைவிட அரத்தால் பட்டை ராவுவது கொல்லனுக்குச் சுலபம், மேல் பட்டையில் குறி பார்க்கும் முளையைப் பதிக்கவும் சமதளம் கிடைத்துவிடும். 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் தங்கள் ஊர்க் குட்டை ரைஃபிளின் குழலை 40 அங்குலத்துக்கு மேல் நீட்டினார்கள், குண்டும் சிறுத்தது, ஈயம் மிச்சம்.

கேள்வி (பள்ளத்தூர்): சுவரில் மாட்ட ஒரு மாதிரி செய்யப் போகிறேன். வீட்டில் பர்மா தேக்கு கிடக்கிறது, ஆகுமா?

பதில்: காட்சிக்குத் தாராளமாக. அசலில் பென்சில்வேனியாக் கொல்லர்கள் போட்டது வரி விழுந்த மேப்பிள், இங்கிலீஷ்காரர்கள் வால்நட். எந்த மரமானாலும் கை பிடிக்கும் மெலிந்த இடத்தில் ரேகை நீளவாக்கில் ஓடட்டும், குறுக்கே ஓடினால் அங்கேதான் உடையும். பழைய துப்பாக்கிகளில் அந்த இடத்தில் கம்பி சுற்றியோ தகடு அடித்தோ பார்த்திருப்பீர்களே, பெரும்பாலும் உடைந்ததன் அடையாளம்.

கேள்வி (தேவகோட்டை): நல்ல கைவேலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பித்தளைப் பூவேலையைப் பார்த்து மயங்காதீர்கள், அதைப் பின்னால்கூட ஒட்டலாம். இரும்பும் மரமும் சேரும் விளிம்பைப் பாருங்கள். பக்கத்துப் பூட்டுத் தகட்டில் (மருந்தைப் பற்றவைக்கும் பொறிக்குத்தான் ‘பூட்டு’ என்று பெயர்) விளக்குக்கரி தடவி மரத்தில் அழுத்தி எடுத்தால், இடிக்கிற இடம் மட்டும் கறுத்திருக்கும், அந்தக் கறுப்பை மட்டும் உளியால் ஒரு சீவு, மறுபடி கரி, மறுபடி அழுத்தம், இப்படியே நாள் கணக்கில் போகும். நம் ஊர் நிலைக்கதவில் பூட்டு பதிப்பது மாதிரிதான், ஆனால் இங்கே உள்ளே வில், நெம்பு எல்லாம் தனித்தனிக் குழியில் உட்கார வேண்டும். அதிகமாகத் தோண்டிவிட்டால் கட்டை பலம் இழக்கும். பூட்டைக் கழற்றிப் பார்க்கும்போது உள்ளே ஒரே பெரிய பள்ளமாக இருந்தால் அவசர வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், நல்ல வேலையில் விளிம்பில் மெழுகோ பிசினோ அடைத்திருக்காது.

கேள்வி (ஆத்தங்குடி): எங்கள் ஐயா காலத்துத் துப்பாக்கி ஒன்று இரண்டாங்கட்டில் கிடக்கிறது. கிரீடமும் ‘டவர்’ என்ற எழுத்தும் இருக்கின்றன. மெருகு போட்டு விற்கலாமா?

பதில்: மெருகு வேண்டவே வேண்டாம், துருவோடு முத்திரையும் போய்விடும். ‘டவர்’ என்பது லண்டன் டவர் ஆயுதக் கிடங்கைக் குறிக்கும் முத்திரை, ஆனால் அப்படிப் போட்ட போலிகளும் நிறைய உண்டு, எழுத்தை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள். 1959 ஆயுதச் சட்டப்படி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் உரிமம் தேவை. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் விலக்கு, அதனால் முதலில் காவல் நிலையத்தில் விசாரியுங்கள். அதுவரை குழல் வாய்க்கு நேரே யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் கெட்டித்தபடியே வைத்துவிடுவது உண்டு, ஈரம் படாத கருமருந்துக்கு எத்தனை வருஷமானாலும் வீரியம் போகாது.