பழைய தறிக்குடோனை வாங்கி இடித்துவிட்டு வீடு கட்டி விற்கலாமா?

கோயமுத்தூர் சோமனூர் பக்கம் 20 சென்ட் இடம், மேலே ஓடாத விசைத்தறிக் குடோன், இடித்துவிட்டு ஐந்து வீடு கட்டி விற்க அப்ரூவல் சுலபமாகக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்று நம்பி எழுதுகிறேன்.

2019-இல் பல்லடம் பக்கம் நான் வாங்கியதும் இதே மாதிரி குடோன்தான். வில்லங்கச் சான்று சுத்தம், பட்டா சுத்தம், வக்கீலும் சரி என்றார். பத்திரத்தில் ‘வண்டி வாகனம் போக வர மாமூல் தடப் பாத்தியம்’, அதாவது வழக்கமாகப் போய்வரும் வழியில் போக உரிமை என்று இருந்தது. முப்பது வருசமாகப் பாவு நூல் ஏற்றிய வண்டி போன இட்டேரிதானே, இரண்டு வேலிக்கு நடுவில் போகிற மண் தடம்தானே என்று நானும் கிரயம் முடித்துவிட்டேன்.

பிளான் போட வந்த இன்ஜினியர் முதல் வேலையாக இட்டேரியில் டேப் பிடித்தார். வேலிக்கு வேலி பதினான்கு அடி. பிறகு எஃப்.எம்.பி.யை, அதாவது சர்வே அளவு வரைபடத்தை விரித்தார். தடம் பொது ரோடே இல்லை, விற்றவரின் பெரியப்பா பட்டாவில் இருந்தது. வண்டி ஓட்டப் பாத்தியம் உண்டு, ஐந்து வீட்டுக்கு அனுமதி வாங்க அது போதாது.

பெரியவரைப் பார்க்க மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் காபி கொடுத்தார். “தடம் விடறதுல எனக்கொண்ணுமில்லீங் தம்பி. ஆனா அவன் எம் பேத்தி காதுகுத்துக்கு வரலீங்” என்றார், எனக்கு விற்றவரைத்தான். கடைசியில் அவரிடமே தடத்தை ஒட்டிய நான்கு சென்ட்டை மார்க்கெட் விலைக்கு ஒன்றரை மடங்கு கொடுத்து வாங்கி, ரோட்டுக்கென்று பஞ்சாயத்துக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். அனுமதி கைக்கு வர ஒரு வருசம் எட்டு மாசம். வட்டியை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வராது.

அதனால் எஃப்.எம்.பி.யும், எந்த சர்வே எண் யார் பேரில் என்று காட்டும் வருவாய்த்துறையின் அ-பதிவேடும் எடுத்து, தடம் யார் பேரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மாஸ்டர் பிளானில் அந்த சர்வே எண் தொழிற்சாலைப் பகுதி என்று இருந்தால் நில உபயோக மாற்றம் தனியாக வாங்க வேண்டும், அதற்கே மாசக் கணக்காகும். பிரித்து விற்றால் மனைப்பிரிவு அனுமதியும் வேண்டும். 2024-இல் வந்த, தானே சான்றளித்து ஆன்லைனில் உடனே அனுமதி வாங்கும் சுயசான்றுத் திட்டத்தைச் சிலர் சொல்வார்கள். அது 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் சொந்த வீடு கட்டுகிறவருக்கு. உங்களுடையது 8,712 சதுர அடி.

அக்ரிமென்ட்டை மட்டும் போட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். விற்பவர் கையெழுத்திலேயே அனுமதிக்கு விண்ணப்பியுங்கள், கிடைத்தால்தான் கிரயம், இல்லையென்றால் அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும் என்று எழுதுங்கள். ஒத்துக்கொள்ள மாட்டார் என்பீர்கள். ஓடாத குடோனுக்கு வரிசையில் யாரும் நிற்கவில்லை, கேட்டுத்தான் பாருங்களேன்.

‘பஞ்சாயத்து வீட்டு வரி ரசீது போதும், அப்ரூவல் எதற்கு’ என்று கீழே யாராவது எழுதுவார்கள். உங்களிடம் வீடு வாங்குகிறவர் லோனுக்குப் போகும்போது பேங்கில் அதைச் சொல்லிப் பார்க்கட்டும். நான் வக்கீல் இல்லை, பட்டதைச் சொல்கிறேன்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். என் குடோனில் பதினாறு தறி கிடந்தது. எங்கப்பா அந்த மாதிரித் தறியில்தான் இருபது வருசம் ஓட்டினார். பழைய இரும்புக்காரன் கிலோக் கணக்கில் எடை போட்டான், அதிலும் தராசில் ஏமாற்றினான். கூலி உயர்வு கேட்டு ஸ்டிரைக் நடக்கும்போதெல்லாம் பேப்பரில் போட்டோ வரும். தறி எடைக்குப் போன அன்றைக்கு யாரும் வரவில்லை.