நங்கூரம் போட்டுப் பாட்டு கேட்டால் படகின் பேட்டரி இறங்கிவிடுகிறது. பெரிய பேட்டரி வாங்கினால் சரியாகுமா? லித்தியம் பேட்டரி போடலாமா?

கேள்வியில் உள்ள விவரம் இதுதான்: அவுட்போர்டு இன்ஜின் பொருத்திய சிறிய படகு, 100 ஆம்பியர் மணி (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கினால் வரும் கொள்ளளவு) ஈய அமில பேட்டரி ஒன்று, நான்கு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், 400 வாட் ஆம்ப்ளிஃபயர். நங்கூரம் போட்டு நாலு மணி நேரம் பாட்டு ஓடுகிறது. கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டரில் டிக் டிக் சத்தம் மட்டும்தான்.

பெரிய பேட்டரி வாங்கினால் இந்தத் தொல்லை ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போகும். தீராது. இன்ஜினைக் கிளப்பும் பேட்டரியைப் பாட்டு தொடவே முடியாதபடி பிரிக்க வேண்டும். அதைவிட முக்கியம், பாட்டுக்கென்று வைக்கும் பேட்டரி திரும்ப முழுதாக நிரம்புவதற்கு ஒரு வழி வேண்டும். பிரிக்கும் வேலையைப் பலர் செய்துவிடுகிறார்கள். நிரப்பும் வேலையைத்தான் மறந்துவிடுகிறார்கள். நான் பார்த்தவரை, இரண்டாவது பேட்டரி சீக்கிரம் செத்துப்போவதற்கு ஸ்டீரியோவைவிட அரைகுறை சார்ஜ்தான் அதிகக் காரணம்.

ஏன் பிரிக்க வேண்டும்? ஸ்டார்ட்டிங் பேட்டரிக்குள் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் நிறைய. சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொட்டிவிட்டு உடனே நிரம்பிக்கொள்ளச் செய்யப்பட்டவை. அதை மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வடித்தால் கொஞ்ச நாளிலேயே திறன் குறைந்துவிடும். டீப் சைக்கிள் பேட்டரியில் தகடுகள் தடிமனானவை, ஆழமாக இறங்கி ஏறுவதைத் தாங்கும். பாட்டு, மீன் தேடும் சோனார், விளக்கு எல்லாம் இதில் இருக்கட்டும். இன்ஜின் மட்டும் ஸ்டார்ட்டிங் பேட்டரியில். படகுக்குள் புகும் தண்ணீரை இறைக்கும் தானியங்கி பில்ஜ் பம்ப்பை மட்டும் மெயின் சுவிட்சைத் தாண்டி, தனி ஃபியூஸோடு நேராக பேட்டரியில் கொடுங்கள். சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாலும் அது வேலை செய்தாக வேண்டும்.

சரி, பாட்டு எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது? இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். 400 வாட் கிளாஸ் டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப் முழு வீச்சில் ஓடினால் ஏறக்குறைய 40 ஆம்பியர் இழுக்கும். அதைப் பார்த்து 100 ஆம்பியர் மணி இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். ஆனால் இசை தொடர்ந்து உச்சத்தில் நிற்பதில்லை. பேச்சுக் குரல் கேட்கிற அளவு சத்தத்தில் சராசரி 5, 6 ஆம்பியர்தான் வரும். பாஸ் அதிர அதிர, ஓசை உடையும் விளிம்புவரை வைத்தால் 13 முதல் 15 ஆம்பியர். ஹெட் யூனிட்டுக்கு, அதாவது பாட்டைப் போடும் செட்டுக்கு, இன்னும் ஒரு ஆம்பியர் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நாலு மணி நேரக் கணக்கில் இது சுமார் 28 ஆம்பியர் மணியாகவும் இருக்கலாம், 60 ஆகவும் இருக்கலாம். வித்தியாசம் முழுக்க வால்யூம் குமிழில் இருக்கிறது. ஆம்ப் பழைய கிளாஸ் ஏபி வகை என்றால் இதைவிடக் கணிசமாகக் கூடும்.

எதிர்ப்பக்கம், பேட்டரியிடமிருந்து என்ன கிடைக்கும் என்று பார்ப்போம். மேலே ஒட்டியிருக்கும் 100 என்ற எண் 20 மணி நேரத்துக்கு மெதுவாக, அதாவது 5 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைக்கும் அளவு. வேகமாக எடுத்தால் மொத்தமே குறையும். 1897-இல் ஜெர்மன் விஞ்ஞானி பியூக்கர்ட் இதைச் சூத்திரமாக எழுதி வைத்தார். 15 ஆம்பியரில் இழுத்தால் சாதாரண ஈய அமில பேட்டரியில் 80-ஐ ஒட்டித்தான் தேறும். அதிலும் பாதிக்குக் கீழே இறக்காமல் இருந்தால்தான் பேட்டரி பல பருவம் உழைக்கும். ஆக, கையில் இருப்பது நல்லபடியாக 40 முதல் 50 ஆம்பியர் மணி. உங்கள் இன்ஜின் ஏன் கிளம்பவில்லை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

"ஆம்ப்பிலேயே லோ வோல்டேஜ் கட் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?" என்று கேட்பார்கள். காப்பாற்றாது. அது ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் ஏற்பாடு. பெரும்பாலும் 10 வோல்ட்டைச் சுற்றித்தான் அணையும். பேட்டரி அந்த அளவுக்கு வந்துவிட்டால் அதில் எடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. தனியாக ஒரு லோ வோல்டேஜ் டிஸ்கனெக்ட் கருவி வாங்கி, பாட்டு ஓடும்போதே 12.0 அல்லது 11.9-இல் ஸ்டீரியோ வரிசையை வெட்டும்படி வையுங்கள். சின்னத் தாமதம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு பாஸ் அடிக்கும் வோல்டேஜ் ஒரு நொடி சரிந்து தேவையில்லாமல் வெட்டும்.

வோல்ட் மீட்டரை நம்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஓய்வில் இருக்கும் ஈய அமில பேட்டரி 12.7 காட்டினால் முழுசு, 12.2 என்றால் பாதி, 11.9-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. ஓய்வு என்றால் சார்ஜும் இல்லாமல், சுமையும் இல்லாமல் சில மணி நேரம் சும்மா கிடந்திருக்க வேண்டும். இன்ஜினை நிறுத்திய உடனே 13 காட்டுகிறதே என்று மகிழ்வதில் பயனில்லை, அது மேலோட்டமான வோல்டேஜ். துல்லியம் வேண்டுமென்றால் ஷன்ட் (ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் சிறு மின்தடை) வைத்த பேட்டரி மானிட்டர் போடுங்கள். உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்த ஆம்பியரையும் எண்ணிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு விஷயம், அதிகம் பேசப்படாதது. பேட்டரியைப் பெரிதாக்குவதற்கு முன் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி, அதாவது ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற எண்ணைப் பாருங்கள். 87 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கர் போட்டால் அதே சத்தத்துக்கு ஆம்ப் பாதி வாட் கொடுத்தால் போதும். திறந்த வெளியில் சுவர் எதுவும் ஒலியைத் திருப்பித் தராது என்பதால் படகில் எல்லோரும் வால்யூமை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற, ஆம்ப் பத்து மடங்கு வாட் தர வேண்டியிருக்கும். ஸ்பீக்கரை ஆட்கள் உட்காரும் பக்கம் திருப்பி வைப்பதும், சப்வூஃபரை ஓரிரு படி குறைப்பதும் செலவில்லாத பேட்டரி என்றே சொல்வேன். பாஸ் அடிக்கும்போது விளக்கு மங்குகிறதென்று கெபாசிட்டர் வாங்கச் சொல்பவர்கள் உண்டு. அதனால் ஒரு ஆம்பியர் மணிகூட அதிகமாகக் கிடைக்காது.

இப்போது சார்ஜிங். அவுட்போர்டு ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் தரும் ஆம்பியர், பெட்டியில் போட்டிருக்கும் எண்ணாக இருப்பது வேக ஓட்டத்தில் மட்டும்தான். ஐடிலிலும் மீன்பிடிக்கும் மெதுவான வேகத்திலும் அதில் ஒரு பகுதிதான் வரும், அதையும் இன்ஜினின் சொந்தத் தேவை தின்றுவிடும். அதனால், "பாட்டு ஓடும்போது இன்ஜினைச் சும்மா ஓட விட்டால் போதும்" என்ற யோசனை எரிபொருளுக்குத்தான் கேடு. நிகரமாக 10 ஆம்பியர் கிடைக்கிற இன்ஜினில் அரை மணி நேரம் திரும்பி வந்தால் உள்ளே போவது 5 ஆம்பியர் மணி. எடுத்ததோ 40. போதாததற்கு ஈய அமில பேட்டரி கடைசி 15, 20 சதவீதத்தை மிக மெதுவாகத்தான் வாங்கும். எவ்வளவு பெரிய சார்ஜர் மாட்டினாலும் அதற்குச் சில மணி நேரம் ஆகும். அரை வயிற்றோடு நாள்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் கெட்டியாகிப் படிந்துவிடும், பிறகு திரும்பாது. கரையில் மின்சாரம் இருந்தால் மூன்று நிலை சார்ஜர் போட்டு இரவு முழுக்க விடுங்கள். இல்லையென்றால் 100 வாட் சோலார் தகடும் ஒரு கன்ட்ரோலரும். நல்ல வெயில் நாளில் 25 முதல் 30 ஆம்பியர் மணி வரும்.

இரண்டு பேட்டரியையும் இணைக்க வோல்டேஜ் பார்த்து வேலை செய்யும் ரிலே வாங்குங்கள். இன்ஜின் ஓடி வோல்டேஜ் 13.3-ஐத் தாண்டியதும் இரண்டையும் சேர்க்கும், 12.8-ஐ ஒட்டி இறங்கியதும் பிரித்துவிடும். மாடலுக்கு மாடல் இந்த எண்கள் கொஞ்சம் மாறும். 1, 2, இரண்டும் என்று கையால் திருப்பும் சுவிட்சும் வேலை செய்யும்தான். ஆனால் யாராவது 'இரண்டும்' என்பதில் விட்டுவிட்டுப் பாட்டுப் போட்டால் பிரித்த பயனே இல்லை. இன்ஜின் ஓடும்போது அதை 'ஆஃப்' பக்கம் கொண்டுபோகவே கூடாது, ஆல்டர்னேட்டர் டயோடு போய்விடும்.

ஒயரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். பேட்டரிக்கும் ஆம்ப்புக்கும் 4 மீட்டர் தூரம் என்றால் போய்வர 8 மீட்டர். 40 ஆம்பியர் உச்சத்தில் 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் கிட்டத்தட்ட ஒரு வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும். 16 சதுர மில்லிமீட்டரில் அது 0.35 வோல்ட். உப்புக் காற்றுக்கு வெள்ளீயம் பூசிய தாமிர ஒயர்தான் நிற்கும். ஃபியூஸ் பேட்டரி பக்கம் இருக்க வேண்டும். அமெரிக்கப் படகுத் தரமான ஏபிஒய்சி, பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் என்கிறது. ஆம்ப்புக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால் நடுவில் உரசும் ஒயரை அது காக்காது.

பாட்டே போடாத நாளிலும் பேட்டரி இறங்கினால் ஹெட் யூனிட்டின் பின்பக்கம் பாருங்கள். மஞ்சள் ஒயர் நினைவகத்துக்கு, எப்போதும் மின்சாரம் வேண்டும், சில மில்லியாம்பியர்தான். சிவப்பு ஒயர் சுவிட்ச் வழியாக வர வேண்டும். இரண்டையும் ஒன்றாக முறுக்கி நேராக பேட்டரியில் கொடுத்திருந்தால், செட்டும் அதோடு நீல-வெள்ளை ரிமோட் ஒயரில் விழித்திருக்கும் ஆம்ப்பும் ஓயாமல் குடித்துக்கொண்டிருக்கும். சத்தமே வராவிட்டாலும் ஆம்ப் ஒரு ஆம்பியர்வரை இழுக்கக்கூடும். ஒரு நாளுக்கு 24 ஆம்பியர் மணி!

லித்தியம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 முதல் 90 சதவீதம்வரை தாராளமாக எடுக்கலாம், எடையும் பாதிக்கும் குறைவு. பாட்டுக்கு அருமையான பேட்டரி. ஆனால் அதை அவுட்போர்டோடு நேராகக் கோக்காதீர்கள், நடுவில் டிசி டிசி சார்ஜர் (ஆல்டர்னேட்டர் மின்சாரத்தை லித்தியத்துக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கருவி) வையுங்கள். உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்னணுச் சுற்று) திடீரென்று துண்டித்தால் ஆல்டர்னேட்டர் அடிபடும். வோல்ட் மீட்டரும் இதில் உதவாது, கிட்டத்தட்டக் காலியாகும்வரை 13-ஐ ஒட்டியே காட்டிக்கொண்டிருக்கும்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு டிசி கிளாம்ப் மீட்டரை ஆம்ப்பின் பாசிட்டிவ் ஒயரில் மாட்டி, வழக்கமாக நீங்கள் வைக்கும் சத்தத்தில் நாலைந்து பாட்டு ஓட விட்டு சராசரி ஆம்பியரைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணையும் ஒயர் நீளத்தையும் கருத்துப் பகுதியில் போட்டால், இரண்டாவது பேட்டரி எவ்வளவு போதும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.