மஃபின் தட்டு பழசா, பழசாக்கியதா?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒருவர், 'கொடைக்கானல் மிஷனரி பங்களாச் சரக்கு, நூறு வருஷப் பழசு' என்று சொல்லி ஒரு வார்ப்பிரும்பு மஃபின் தட்டுக்கு (குட்டிக் கேக் சுடும் குழித்தட்டு) 6,000 ரூபாய் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். அடியில் 'கிரிஸ்வோல்ட்' என்று இருக்கிறதாம். அது 1957-லேயே மூடப்பட்டுவிட்ட அமெரிக்க வார்ப்பிரும்பு ஆலையின் பெயர். கதையில் தப்பில்லை. அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845-லேயே கொடைக்கானலில் வீடு கட்டியவர்கள்தான். ஆனால் காசை இரும்புக்குக் கொடுங்கள், கதைக்கு வேண்டாம்.

முதலில் குழிக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். அந்தக் காலத்து வார்ப்பு, தேய்ந்த அம்மி மாதிரி வழுவழு என்று இருக்கும். நகலோ மணல் மணலாக உறுத்தும், கனமும் கூடுதலாக இருக்கும்.

அப்புறம் எழுத்து. நகல் எடுப்பவர்கள் பெரும்பாலும் அசலையே மணலில் பதித்து வார்ப்பார்கள். அதில் எழுத்து மழுங்கிவிடும். இரும்பு ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கும் என்பதால், 30 செ.மீ. தட்டு 3 மி.மீ. குறைந்து வரும். அடியில் உள்ள மாடல் எண்ணை வைத்து அசல் அளவைத் தேடி, ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

விளிம்பில் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் மெஷினின் கீறல் கன்னாபின்னாவென்று இருந்தால் எனக்குச் சந்தேகம்தான். துருவை மட்டும் நம்பாதீர்கள், உப்புத் தண்ணீரில் ஒரு வாரத்தில் வரவழைக்கலாம். நான் 'செட்டிநாட்டுப் பழசு' என்று வாங்கிய பணியாரக்கல்லை வீட்டில் தேங்காய் நாரால் தேய்த்தேன். நாரெல்லாம் கறுப்புப் பெயின்ட்! நீங்கள் கடையிலேயே எண்ணெய்த் துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்துப் பாருங்கள்.