நகர வானில் சுற்றுலாப் பறப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நியூ ஜெர்சியில் உள்ள மகன், நியூயார்க் நகரை ஒட்டி ஓடும் ஹட்சன் ஆற்றின் மேல் எங்களை ஹெலிகாப்டரில் அழைத்துச் செல்வதாகச் சொல்கிறான். அத்தனை விமானங்கள் பறக்கும் இடத்தில் இது பாதுகாப்பானதா? (வாசகி, தேவகோட்டை)

பதில்: நெரிசலைப் பற்றி நீங்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. 2009 ஆகஸ்ட் 8 அன்று அதே ஆற்றின் மேல், ஏறக்குறைய 1,100 அடி உயரத்தில், ஒரு சிறு தனியார் விமானமும் ஒரு சுற்றுலா ஹெலிகாப்டரும் மோதி, இரண்டிலும் இருந்த ஒன்பது பேரும் இறந்தனர். அந்தத் தாழ்ந்த வான்பாதையில் விமானிகள் ஒருவரையொருவர் கண்ணால் பார்த்து விலகிக்கொள்ள வேண்டும் என்பதே முறை. ஆனால், மோதும் திசையில் வரும் விமானம் முன்கண்ணாடியில் இடம் மாறாமல் ஒரே புள்ளியாக நிற்கும் என்பதாலும், அசையாத பொருளைக் கண் எளிதில் கண்டுகொள்வதில்லை என்பதாலும், அது பெரிதாகத் தெரியும்போது சில நொடிகளே மிஞ்சியிருக்கும். விசாரணை அறிக்கையும் இந்த முறையின் குறையைக் காரணங்களுள் ஒன்றாகச் சொன்னது.

அவ்வாண்டு நவம்பரில் விதிகள் இறுகின. வேகம் 140 'நாட்' அளவை (மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர்) தாண்டக்கூடாது. விளக்குகள் எரிய வேண்டும். குறித்த இடங்களில் வானொலியில் தம் இருப்பை அறிவிக்க வேண்டும். நிற்காமல் கடந்து போகிறவர்கள் 1,000 அடிக்கு மேலும், சுற்றிக் காட்டுபவர்கள் அதற்குக் கீழும் பறக்க வேண்டும். நல்ல விதிகள்தாம், ஆயினும் இவையும் பெரும்பகுதி கண்ணையும் காதையுமே நம்பியிருக்கின்றன. எனவே, அருகில் பறப்பவற்றைத் திரையில் காட்டும் கருவி அந்த ஹெலிகாப்டரில் உண்டா என்று மகனை முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். தெளிவான பதில் வராத நிறுவனத்தைத் தவிர்த்துவிடுவதே என் யோசனை.

கேள்வி: மோதலைத் தடுக்கும் டிகாஸ் கருவி இருக்கும்போது கவலை எதற்கு? (வாசகர், காரைக்குடி)

பதில்: தரையிலிருந்து ஏறக்குறைய 1,000 அடிக்குக் கீழே அது 'ஏறு, இறங்கு' என்று ஆணையிடாது. 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தது சுமார் 300 அடி உயரத்தில்தான். சுற்றுலா ஹெலிகாப்டர்கள் பெரும்பாலும் தாழப் பறப்பவை என்பதை இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: கதவு திறந்த ஹெலிகாப்டரில் பறந்து படமெடுக்கலாமா? (கல்லூரி மாணவர், காரைக்குடி)

பதில்: வேண்டாம் தம்பி. 2018 மார்ச் 11 அன்று நியூயார்க்கின் கிழக்கு ஆற்றில் இறங்கிய அத்தகைய ஹெலிகாப்டரில் பயணிகள் ஐவரும் நீரில் மூழ்கி இறந்தனர். விமானி மட்டும் தப்பினார். பயணி ஒருவரின் பாதுகாப்புக் கயிறு எரிபொருளை நிறுத்தும் நெம்புகோலில் மாட்டி இழுத்ததால் என்ஜின் நின்றது. கீழே விழாமல் காக்கக் கட்டிய அந்த வார்களே, நீரில் கவிழ்ந்தபோது அவர்களை வெளியேற விடவில்லை. என்ஜினும் விசிறியும் மேலே இருப்பதால் ஹெலிகாப்டர் நீரில் எளிதில் கவிழும். ஆகவே நீர்மேல் பறக்கும் எவரும், தாமே ஒரே இழுப்பில் கழற்ற முடியாத எந்த வாரையும் கட்டிக்கொள்ளக் கூடாது.

கேள்வி: எழுபது வயதைக் கடந்த எங்கள் ஆச்சியும் ஏறலாமா? (வாசகி, பள்ளத்தூர்)

பதில்: மருத்துவர் சம்மதித்தால் ஏறலாம். இருக்கை வாரைக் கழற்றுவதைத் தரையிலேயே பலமுறை செய்து பழகட்டும். நீரில் இறங்க நேர்ந்தால், உயிர்காப்பு உடையை ஹெலிகாப்டரை விட்டு வெளியே வந்த பிறகே ஊதவிட வேண்டும். உள்ளேயே ஊதினால் அது ஆளைக் கூரையோடு அழுத்திவிடும்.

கேள்வி: நம் செட்டிநாட்டு வானில் கூட்டமே இல்லையே, இங்கே கோயில்களையும் வீடுகளையும் சுற்றிக் காட்டினால் என்ன? (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: மோதல் அச்சம் இங்கே குறைவுதான். எனினும் செல்போன் கோபுரங்களும் மின்கம்பிகளும் கண்மாய்ப் பறவைகளும் தாழப் பறப்பவருக்கு ஆபத்தே. சித்திரை வெயிலில் காற்றின் அடர்த்தி குறைவதால் ஹெலிகாப்டரின் தூக்கும் திறனும் குறையும். ஆகவே ஒவ்வொருவரையும் எடைபோட்டு அமர்த்தாத நிறுவனத்தின் வண்டியில் ஏறாதீர்கள். மத்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதிப் பத்திரத்தை ஊராட்சியில் காட்டச் சொல்லுங்கள். திருவிழாக் கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்க ஒருபோதும் இசையாதீர்கள்.