காலையிலேயே போங்கள், எஞ்சின் சூடாகும் முன்: பழைய ஹேட்ச்பேக் வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 12 வயது, 60,000 கி.மீ. மட்டுமே ஓடியது. இன்னொன்று 8 வயது, 1,40,000 கி.மீ. ஓடியது. முதல் வண்டிதானே நல்லது?

அப்படி உடனே சொல்லிவிட முடியாது. 12 வருடத்தில் 60,000 என்றால் வருடத்துக்கு 5,000 கி.மீ. பெரும்பாலும் பக்கத்திலேயே போய்வந்த வண்டியாக இருக்கும். கொஞ்ச தூரமே ஓடி நிற்கும் வண்டியில் எஞ்சின் ஆயில் முழுதாகச் சூடேறுவதில்லை. அதில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் அப்படியே தங்கிவிடும். சைலன்சரும் உள்ளிருந்து துருப்பிடிக்கும். ரப்பர் சமாச்சாரங்கள், அதாவது ஹோஸ், புஷ், ஆயில் சீல், டயர் எல்லாம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகிக்கொண்டேதான் இருக்கும்.

இதில் முக்கியமானது டைமிங் பெல்ட், அதாவது எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பட்டை. பெல்ட் உள்ள எஞ்சின்களில் கம்பெனிகள் இரண்டு கணக்கு சொல்வார்கள்: இத்தனை கி.மீ., அல்லது இத்தனை வருடம், எது முதலில் வருகிறதோ அது. பல எஞ்சின்களுக்கு கி.மீ. கணக்கு 60,000-லிருந்து 1,00,000 வரை இருக்கும். உங்கள் 12 வயது வண்டியில் ‘இன்னும் கி.மீ. ஆகலையே’ என்று பழைய பெல்ட்டையே விட்டிருக்க வாய்ப்பு நிறைய. அது ஓட்டத்தில் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி, எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும். மாற்றியதற்கு பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். பெல்ட்டுக்குப் பதில் செயின் இருக்கும் எஞ்சின் என்றால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி ‘கடகட’ சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.

இரண்டாவது வண்டிக்கு சர்வீஸ் பில்கள் வரிசையாக இருந்தால் நான் அதைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன்.

கேள்வி: மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டிஜிட்டல் மீட்டரில் அது முடியாது என்கிறார் விற்பவர்.

தாராளமாக முடியும். பழைய முள் மீட்டரைவிட டிஜிட்டலில் அது சுலபம்கூட. பில்களைத் தேதி வாரியாக அடுக்கி, கி.மீ. ஏறுவரிசையில் போகிறதா என்று பாருங்கள். பிறகு வண்டிக்குள் உட்காருங்கள். கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர், ஸ்டீயரிங்கில் கை படும் இடம், கியர் நாப், ஓட்டுநர் இருக்கையின் கதவுப் பக்க ஓரம், இந்த நான்கும் பொய் சொல்லாது. 50,000 கி.மீ. ஓடியதாகச் சொல்லும் வண்டியில் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் கணக்கு இடிக்கிறது. இருக்கை நைந்துபோய், பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் அதைவிடப் பெரிய சந்தேகம். சில வண்டிகளில் மீட்டரைத் தவிர வேறு கன்ட்ரோல் யூனிட்களிலும் கி.மீ. பதிவாகும், நல்ல ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் அதை எடுத்துக் காட்டிவிடுவார்.

கேள்வி: நான் போனபோது எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஏதாவது மறைக்கிறார்களா?

மறைக்கிறார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் பார்க்க வேண்டியதை நீங்கள் பார்க்கவில்லை. இன்னொரு நாள் காலையில் போங்கள். ‘நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்’ என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனவுடன் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். காபி நிறத்தில் பிசுபிசுப்பாக ஒட்டியிருந்தால் உடனே பயப்பட வேண்டாம். குறைந்த தூரம் ஓடும் வண்டிகளில் ஈரம் தங்குவதாலும் அப்படி வரும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அதிலும் பால் கலந்ததுபோல் இருந்தால்தான் கூலன்ட் ஆயிலில் இறங்குகிறது என்று அர்த்தம். அது ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) வேலையாக இருக்கலாம், பெரிய செலவு. கூலன்ட் டப்பாவில் அளவும் நிறமும் பாருங்கள். வெறும் தண்ணீர் இருந்தால் அடிக்கடி ஊற்றிச் சமாளித்த வண்டி. சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள்.

இப்போது ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். காலைக் குளிரில் மெல்லிய வெண்புகை வந்து சில நிமிடத்தில் மறைந்தால் அது வெறும் நீராவி. சூடான பிறகும் அடர்த்தியாக வந்தால், கூடவே கூலன்ட்டும் குறைந்தால், ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஸ்டார்ட் செய்த நொடியில் மட்டும் ‘புஸ்’ஸென்று நீலமாக வந்து நின்றால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். முதலாவது சமாளிக்கக்கூடியது, இரண்டாவதற்கு வண்டியையே விட்டுவிடலாம். பெட்ரோல் வண்டியில் கரும்புகை என்றால் எரிபொருள் அளவுக்கு மீறிப் போகிறது. சென்சார் பழுதாகவும் இருக்கலாம்.

கேள்வி: ஒரு கதவுக்கு மட்டும் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். விட்டுவிடலாமா?

ஒரு கதவுக்காக நல்ல வண்டியை விடாதீர்கள். இத்தனை வயது வண்டியில் ஒரு கீறல்கூட இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். கேள்வி பெயின்ட் அல்ல, அடி எதுவரை போனது என்பதுதான்.

ஹேட்ச்பேக்கில் நான் முதலில் பார்ப்பது டிக்கி. கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்துவிட்டு, அது உட்காரும் குழியை டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த வண்டிகளில் பின்பக்கம் குட்டை. பின்னால் இடித்தால் அடி அந்தக் குழி வரை வரும். தகடு அலையலையாக இருக்கிறதா, சுற்றியுள்ள சீலன்ட் ஒரு பக்கம் கம்பெனி போட்டதுபோல் நேர்த்தியாகவும் மறுபக்கம் விரலால் இழுத்ததுபோலவும் இருக்கிறதா, குழியில் தண்ணீர் நின்ற துரு வட்டம் இருக்கிறதா என்று கவனியுங்கள். தண்ணீர் இருந்தால் டிக்கிக் கதவின் ரப்பரிலிருந்தோ பின்விளக்கு ஓரத்திலிருந்தோ ஒழுகுகிறது.

அடுத்து பானெட்டைத் திறந்து, பானெட்டும் ஃபெண்டரும் மாட்டியிருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். ஸ்பேனர் பட்டு முனையில் பெயின்ட் உதிர்ந்திருந்தால் கழற்றியிருக்கிறார்கள். எஞ்சினின் இரு பக்கமும் முன்னோக்கி நீளும் சேசிஸ் கைகளில் மடிப்போ வெல்டிங் தடமோ இருந்தால் பேச்சே வேண்டாம், கிளம்பிவிடுங்கள். கண்ணாடிகளில் பொறித்திருக்கும் தயாரிப்புக் குறிகளும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. கம்பெனி பெயின்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். 300 என்றால் மேலே ஒருமுறை அடித்திருக்கலாம். ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பட்டி வைத்து டிங்கரிங் பார்த்திருக்கிறார்கள்.

கேள்வி: வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைச் சுத்தம் செய்து விற்கிறார்களாமே?

விற்கிறார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை கோடாக நிற்கும். இருக்கைக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு, ஃபியூஸ் பெட்டியின் மூலையில் மண், ஹெட்லைட்டுக்குள் நீர்ப்படலம் இவையும் அடையாளம். வாசனை ஸ்பிரே தூக்கலாக அடித்திருந்தால் ஜன்னலை மூடி, கால் வைக்கும் இடத்துக் கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள ஸ்பாஞ்சை அழுத்திப் பாருங்கள். மூழ்கிய வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஒயரிங் இன்று வேலை செய்யும், ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாக மக்கர் பண்ணும்.

கேள்வி: ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? எனக்கு வண்டி பற்றி அதிகம் தெரியாது.

முதலில் பாட்டை நிறுத்துங்கள். விற்பவர் பேசிக்கொண்டே வந்தால் அவரையும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள்.

காலியான இடத்தில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமிடுங்கள். ‘டிக் டிக்’ என்று கேட்டால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் போய்விட்டது. மறுபக்கமும் அதேபோல் செய்யுங்கள். வேகத்தடையில் மெல்ல ஏறி இறங்கும்போது முன்னால் ‘டக்’கென்று அடித்தால் சஸ்பென்ஷன் புஷ், லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுன்ட், இவற்றில் ஒன்று. இவை பழைய வண்டியில் சகஜம், மாற்றக்கூடியவை, பேரத்துக்கு உதவும். வேகம் ஏற ஏற ‘ஊ’வென்று ரீங்காரம் கூடி, வண்டியை இலேசாக இடம் வலமாகத் திருப்பும்போது சத்தம் மாறினால் வீல் பேரிங்.

கிளட்ச்சுக்கு ஒரு சோதனை: நான்காவது கியரில் மிதமான வேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை நன்றாக மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் மட்டும் எகிறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. பின்னால் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து ஒருமுறை அழுத்திப் பிரேக் பிடியுங்கள்; ஒரு பக்கம் இழுக்கக் கூடாது, பெடல் அதிரவும் கூடாது. (பெடல் விட்டுவிட்டுத் துடித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்கிறது, அது பழுதல்ல.) ஏ.சி. போட்டுக்கொண்டே ஓட்டிப் பாருங்கள், சின்ன எஞ்சினுக்கு அதுதான் பரீட்சை. முடிந்தால் பின் இருக்கையிலும் இருவரை ஏற்றிக்கொள்ளுங்கள். பின்பக்க ஷாக் அப்சார்பரின் தளர்ச்சி காலி வண்டியில் தெரியாது.

கேள்வி: ஆட்டோமேட்டிக் பழைய வண்டி வாங்கலாமா?

எந்த ஆட்டோமேட்டிக் என்பதைப் பொறுத்தது. ஏ.எம்.டி. என்பது சாதாரண கியர்பாக்ஸில் கிளட்ச்சையும் கியரையும் மெஷின் இயக்குவது. கிளட்ச் மாற்றும் செலவு மேனுவலைப் போலவே வரும், பயம் குறைவு. மேட்டில் நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள். கியர் படிகளுக்குப் பதில் பெல்ட்டால் ஓடும் சி.வி.டி.யில் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது உதறலோ கீச்சொலியோ இருந்தால் வேண்டாம். கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றினார்கள், கம்பெனி சொன்ன ஆயில்தானா என்று கேளுங்கள். இரண்டு கிளட்ச் மாறி மாறி வேலை செய்யும் டூயல் கிளட்ச் வகையில், ஆயிலில் நனையாத உலர் கிளட்ச் கொண்டது நெரிசலில் சூடேறும். ஒன்று, இரண்டாவது கியரில் அதிர்ந்தால் ஒதுங்கிவிடுங்கள். எந்த வகையானாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டு டி-யிலிருந்து (முன்னால்) ஆர்-க்கு (ரிவர்ஸ்) மாற்றிப் பாருங்கள், ‘டம்’மென்று இடிக்கக் கூடாது.

கேள்வி: டீசல் மைலேஜ் தருமே?

தரும். ஆனால் புகையில் வரும் கரித்துகளைப் பிடிக்கும் துகள் வடிகட்டி உள்ள டீசல் வண்டி அவ்வப்போது சற்று நீண்ட தூரம் வேகமாக ஓடினால்தான் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். தினமும் சில கி.மீ.தான் போகிறீர்கள் என்றால் பெட்ரோல் வாங்குங்கள்.

கேள்வி: எஞ்சின் விளக்கு எரியவில்லை. அப்படியானால் பிரச்சினை இல்லைதானே?

சாவியை ஆன் செய்தவுடன், ஸ்டார்ட் செய்வதற்கு முன், எஞ்சின், ஏர்பேக், ஏ.பி.எஸ். விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிய வேண்டும், பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம். இன்னொரு தந்திரம், நீங்கள் வருவதற்கு முன் ஸ்கேனரால் பிழைக் குறியீடுகளை அழித்துவிடுவது. இதையும் கண்டுபிடிக்கலாம். அழித்தவுடன் வண்டியின் சுயசோதனைகளும் ‘முடியவில்லை’ என்ற நிலைக்குத் திரும்பிவிடும். சில நாள் ஓடினால்தான் அவை நிறைவடையும். டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள ஓ.பி.டி. பிளக்கில் ஒரு சின்ன ஸ்கேனரைச் சொருகி அந்தப் பட்டியலைப் பாருங்கள். பாதிக்கு மேல் முடியாமல் கிடந்தால், சமீபத்தில் எதை அழித்தீர்கள் என்று நேராகக் கேட்டுவிடலாம். ‘பேட்டரி மாற்றினேன்’ என்பார். உண்மையாகவும் இருக்கலாம், அதற்கு பில் இருக்குமே.

கேள்வி: மகள் இப்போதுதான் ஓட்டப் பழகியிருக்கிறாள். பாதுகாப்பான பழைய வண்டி எது?

ஸ்டார் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். ஐரோப்பாவின் கார் பாதுகாப்புச் சோதனை அமைப்பான யூரோ என்கேப் 1997-லிருந்து மோதல் சோதனை முடிவுகளை வெளியிடுகிறது. விதிகள் இடையிடையே கடுமையாகிக்கொண்டே வந்திருக்கின்றன, அதனால் 2005-இன் ஐந்து ஸ்டாரும் 2015-இன் ஐந்து ஸ்டாரும் ஒன்றல்ல. நான் கேட்பது இ.எஸ்.சி. இருக்கிறதா என்று. வண்டி சறுக்கும்போது தனித்தனிச் சக்கரத்துக்குப் பிரேக் கொடுத்து நேராக்கும் வசதி அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் அது கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகளில் அடிமட்ட மாடலில் இல்லாமல், உயர் மாடலில் மட்டும் இருந்திருக்கலாம்.

இன்னொன்று, வண்டியின் 17 எழுத்து சேசிஸ் எண்ணைக் கொடுத்து, கோளாறைச் சரிசெய்ய வண்டியைத் திரும்ப அழைக்கும் ரீகால் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று கம்பெனியிடம் கேளுங்கள். டகாட்டா என்ற ஜப்பானியக் கம்பெனியின் ஏர்பேக் விவகாரம் நினைவிருக்கும். வெப்பத்திலும் ஈரத்திலும் பல வருடம் இருந்த இன்ஃப்ளேட்டர் (ஏர்பேக்கை ஊத வைக்கும் பாகம்) வெடித்து உலோகத் துண்டுகள் சிதறியதால் உலகம் முழுக்கப் பல கோடி ஏர்பேக்குகளைத் திரும்ப அழைத்தார்கள். மாற்றாமல் விட்ட பழைய வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கலாம். மாற்றுவது இலவசம்.

டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் பத்து வருட டயர் என்றால் மாற்றிவிட்டுத்தான் மகளிடம் சாவியைக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: மொத்தத்தில் எந்த கம்பெனி வண்டி நல்லது?

அதிகம் விற்ற மாடலாகப் பாருங்கள், பாகமும் கிடைக்கும், மெக்கானிக்குக்கும் பழக்கமாக இருக்கும். அதற்குமேல் கம்பெனி பெயரைவிட முந்தைய ஓனரின் கைதான் முக்கியம்.

கேள்வி: எல்லாம் பிடித்துவிட்டது. வேறு இரண்டு பேர் கேட்கிறார்கள், இன்றே அட்வான்ஸ் கொடுங்கள் என்கிறார்.

கேட்கட்டும். பதிவுச் சான்றில் உள்ள சேசிஸ், எஞ்சின் எண்களும் வண்டியில் பொறித்திருப்பவையும் ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்போகின்றனவா, கடன் பாக்கி இல்லை என்பதற்குக் கடிதம் உண்டா, விற்பவரும் பதிவில் உள்ளவரும் ஒருவர்தானா, இந்த மூன்றும் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். அவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் காட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். சரி என்றால் அன்றைக்கே கூட்டிப்போங்கள். ‘அதெல்லாம் எதுக்கு, நம்ம வண்டி’ என்று இழுத்தால், கேட்கும் அந்த இரண்டு பேருக்கே விட்டுக்கொடுத்துவிடுங்கள்.