ஏற்காட்டுப் பழைய கல் வீடு: இடுப்பளவுக்குக் கீழே உரியும் பெயின்ட்

மூன்றாம் முறை பெயின்ட் அடிக்க வேண்டாம். உரியும் உயரத்துக்கு மேல் ஓர் அடி வரை சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, சுவர் காய்ந்தபின் சுண்ணாம்புக் காரை பூசுங்கள்.

மறுவிற்பனைக்காக வாங்கிய வீட்டில் இருமுறை சுவரைச் சமன்செய்யும் புட்டி மாவு வைத்துப் பெயின்ட் அடித்தும் இடுப்பளவுக்குக் கீழே மட்டும் உரிகிறது என்கிறீர்கள். அப்படியானால் கூரை ஒழுக்கைவிடத் தரை ஓதமே காரணமாக இருக்கக்கூடும். கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த பழைய சுவர் மண்ணிலிருந்து இழுக்கும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். மேலே பூசிய சிமென்ட் அவ்வழியை அடைத்துவிடுவதால், ஈரத்தோடு வரும் உப்பு உள்ளேயே பூத்துப் பெயின்டைத் தள்ளுகிறது. உரிந்த இடத்தை விரலால் தேய்த்தால் வெள்ளை மாவு ஒட்டும்.

கொத்துவதற்கு முன், ஒரு சதுர அடி பாலித்தீன் தாளை உரியும் சுவரில் நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள்.

1. சுவர்ப் பக்கம் நீர் முத்துகள் இருந்தால் ஓதம்.
2. அறைப் பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது பனிமூட்டத்தின் ஈரம்; காற்றோட்டம் போதும்.

மலைச்சரிவு வீடு என்பதால், பின்சுவரை ஒட்டி மண் ஏறியிருந்தால் முதலில் அதை வெட்டி வடிகால் அமையுங்கள். இதைச் செய்யாமல் பூசுவது வீண் செலவு.

கொத்தும்போது கற்களுக்கிடையே வெறும் சேற்றுமண் தெரிந்தால் உடனே நிறுத்திப் பொறியாளரிடம் காட்டுங்கள். சுண்ணாம்பு மெதுவாகவே இறுகும் என்பதால் வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் தொடங்குங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று கொத்தனார் சிமென்ட் கலக்க முன்வருவார், விடாதீர்கள்.